டெர்மினலில் ஒரு மெனு: ஏலக்காய் ஸ்டோர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமுளி, வண்டன்மேடு, அணைக்கரைப் பக்கத்து ஏலக்காய் ஸ்டோர்களிலும், மலைக்குக் கீழே கூடலூர், கம்பம், போடியில் உள்ள கமிஷன் கடைகளிலும் பழைய கணினிகளில் லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்டுக் கொடுப்பது என் தொழில். கணினி முன் உட்காருபவர் பெரும்பாலும் கணக்குப்பிள்ளை, அல்லது எடை போடுபவர், அல்லது பள்ளி முடித்துவிட்டு உதவிக்கு வரும் வீட்டுப் பிள்ளை. அவர்கள் கட்டளைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்பதற்காக டெர்மினலில் ஒரு மெனு வைத்துவிட்டு வருவேன். பிறகு தொலைபேசியில் வரும் சந்தேகங்கள் ஊர்தோறும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றை எளியதிலிருந்து கடினமானது வரை வரிசைப்படுத்தி இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கட்டளைகளின் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

டெர்மினல் என்றாலே கட்டளை தட்டுவதுதானே? அதில் மெனு எங்கிருந்து வரும்?

டெர்மினல் எழுத்துகளை மட்டுமே காட்டும். ஆனால் அந்த எழுத்துகளை எந்த வரியில், எந்த நிறத்தில் வைப்பது என்பதை ஒரு நிரல் முடிவு செய்யலாம். கோடு போன்ற எழுத்துகளை அடுக்கினால் கட்டம் கிடைக்கும்; ஒரு வரியின் நிறத்தை மாற்றினால் அது தேர்வான வரி. நீலத் திரையின் நடுவே சாம்பல் நிறக் கட்டம். தலைப்பில் ஸ்டோரின் பெயர். உள்ளே ஐந்து வரிகள்: 1 இன்றைய எடைச் சீட்டு, 2 வேலையாள் வருகை, 3 லாட் பட்டியல் அச்சு, 4 பென் டிரைவில் நகல், 5 கணினியை அணை. அம்புக்குறியால் மேலும் கீழும் போகலாம், எண்டர் தட்டினால் அந்த வேலை ஓடும், முடிந்ததும் மெனு திரும்ப வரும்.

மெனு தானாக எந்த வேலையையும் செய்வதில்லை. நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதை மட்டும் சொல்லும். அந்த விடையை வாங்கிக்கொண்டு உரிய கட்டளையை ஓட்டுவது, கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பான ஸ்கிரிப்டின் பொறுப்பு. கீழே வரும் சந்தேகங்களில் பாதி இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

இதை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே?

பார்த்திருப்பீர்கள். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனை எழுத்து முறையில் நிறுவும்போது வரும் கேள்விகள், ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியின் அமைப்புத் திரையான ராஸ்பி-கான்ஃபிக், வைஃபை இணைப்பைத் திருத்தும் என்எம்டியுஐ ஆகிய அனைத்தும் இவ்வகைதான். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைத் தொகுப்பவர்கள் பயன்படுத்தும் மெனுகான்ஃபிக் திரையும், இத்தகைய மெனுக்களை வரையும் டயலாக் நிரலின் வழித்தோன்றல். இன்னும் முந்தைய தலைமுறைக்கு ஃபாக்ஸ்புரோவில் எழுதிய பில் போடும் திரைகள் நினைவிருக்கும். அவற்றில் வேலை செய்த கணக்குப்பிள்ளைகள் புது மெனுவைப் பார்த்ததும் ஒரு கேள்விகூடக் கேட்காமல் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

மவுஸால் அழுத்தும் படங்கள் இருக்கும்போது இது எதற்கு சார்?

முதல் காரணம், இங்கே கிடைக்கும் கணினிகள் பழையவை. நினைவகம் குறைந்த கணினியில் வரைகலைத் திரையை ஏற்றினாலே திணறும். எழுத்து மெனு உடனே வந்துவிடும். இரண்டாவது, தொலைவிலிருந்து இணையும்போதும் அதே திரை, அதே விசைகள்.

எனக்கு மிகப் பெரிய காரணம் தொலைபேசி. “இடது மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு படம் இருக்கும், அதை இரண்டு முறை அழுத்துங்கள், இல்லை, அது இல்லை” என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் ஜீப்பில் வந்த ஆட்கள் கூலிக்குக் காத்துக்கொண்டிருப்பார்கள். “நான்கை அழுத்தி எண்டர் தட்டுங்கள் அக்கா” என்றால் வேலை முடிந்தது. விரிதாளோ படமோ பார்க்க வேண்டிய வேலைக்கு வரைகலைதான் சரி. தினமும் ஒரே வரிசையில் செய்யும் வேலைகளுக்கு மெனுவைவிடச் சிறந்ததை நான் பார்க்கவில்லை.

பிள்ளைகளுக்கு லினக்ஸ் தெரியுமா? பயப்பட மாட்டார்களா?

எல்லைக்கு மேலே, கேரளத்தில் படித்த பிள்ளைகளுக்கு நிச்சயம் தெரியும். அங்கே அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்விக்காக 2001இல் ஐடி அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியது. 2017இல் அது கைட் என்ற நிறுவனமானது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸைத்தான் பள்ளிகளுக்குத் தருகிறார்கள். இடுக்கியின் தமிழ்வழிப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளும் அதில்தான் பழகியிருக்கிறார்கள். மலைக்குக் கீழே படித்தவர்களுக்கு விண்டோஸ் பழக்கம் அதிகம், ஆனால் மெனுவுக்கு முன்னால் அந்த வேறுபாடு காணாமல் போகிறது.

எந்த நிரலைப் போட வேண்டும்? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

எதையும் நிறுவாமல் தொடங்க விரும்பினால் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பேஷ் ஷெல்லுக்குள்ளேயே செலக்ட் என்ற வசதி இருக்கிறது. கட்டம், நிறம் எதுவும் இராது. வரிசை எண்ணோடு பட்டியலைக் காட்டி, எண்ணைத் தட்டச் சொல்லும். அழகில்லை, ஆனால் எந்தக் கணினியிலும் ஓடும். கட்டமும் நிறமும் வேண்டுமானால் டயலாக், விப்டெயில் இரண்டில் ஒன்று. டயலாக்கை முதலில் எழுதியவர் சாவியோ லாம். இன்று தாமஸ் டிக்கி பராமரிக்கிறார். அதில் நாட்காட்டி, முன்னேற்றப் பட்டை, கோப்புத் தேர்வு என வசதிகள் அதிகம். விப்டெயில், ரெட் ஹாட்டில் உருவான நியூட் நூலகத்தின் மேல் நிற்கிறது. வசதிகள் குறைவு, ஆனால் டெபியன் வகைக் கணினிகளில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். இணையம் கிடைக்காத எஸ்டேட்டில் இது பெரிய விஷயம்.

ஸ்கிரிப்ட் எழுதவே வேண்டாம், ஒரு அமைப்புக் கோப்பில் வரிகளை எழுதினால் போதும் என்பவர்களுக்கு ஜோயி ஹெஸ் எழுதிய பிடிமெனு உண்டு. மிட்நைட் கமாண்டர் என்ற கோப்பு மேலாளரைப் பயன்படுத்துபவர்கள் எஃப்2 விசையை அழுத்திப் பாருங்கள். நாமே வரிகள் சேர்த்துக்கொள்ளும் மெனு அதற்குள்ளேயே இருக்கிறது. நூற்றுக்கணக்கான கோப்புகளில் ஒன்றைத் தேட வேண்டுமென்றால் ஜூனேகன் சோய் 2013இல் வெளியிட்ட எஃப்இசட்எஃப் அருமையானது. இரண்டு எழுத்து தட்டியதும் பட்டியல் சுருங்கும். ஆனால் கணினிக்குப் புதியவரின் முன் அதை வைக்காதீர்கள். ஐந்து வரி உள்ள மெனுவுக்கு டயலாக் போதும். நான் அதைத்தான் வைக்கிறேன்.

டயலாக் மெனு உள்ளுக்குள் எப்படி இருக்கும்? வரிவரியாகச் சொல்லுங்கள்.

ஒரு கோப்பு. முதல் வரி “#!” குறியில் தொடங்கி பேஷ் இருக்கும் இடத்தைச் சொல்லும். அடுத்து வைல் என்ற சொல்லால் ஒரு சுழற்சி. வேலை முடிந்ததும் மெனு திரும்ப வருவது இதனால்தான். சுழற்சிக்குள் டயலாக்கை அழைக்கிறோம்: இரட்டைக் கோடு சேர்த்து மெனு என்ற சொல், தலைப்பு வரி, மூன்று எண்கள், பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஒரு குறியும் ஒரு விளக்கமும். மூன்று எண்களும் முறையே கட்டத்தின் உயரம், அகலம், உள்ளே தெரியும் வரிகள். 0 0 0 என்று கொடுத்தால் டயலாக் தானே அளந்துகொள்ளும். விப்டெயிலில் அளவை நாமே கொடுப்பது நல்லது. கட்டம் டெர்மினலைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. வழக்கமான டெர்மினல் 80 எழுத்து அகலம், 24 வரி உயரம்.

டயலாக் திருப்பித் தரும் குறியை ஒரு மாறியில் (மதிப்பைச் சேமிக்கும் பெயரில்) பிடித்து, கேஸ் என்ற கட்டளையால் பிரிக்கிறோம்: 1 என்றால் இது, 2 என்றால் அது. அவ்வளவுதான். முன்பே தேர்ந்தெடுத்த வரியிலேயே மெனு மறுபடி நிற்க வேண்டுமானால் டிஃபால்ட்-ஐட்டம் என்ற தெரிவில் அந்தக் குறியைக் கொடுங்கள். லாட் பட்டியலை அடுத்தடுத்து அச்சடிப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

ஸ்கிரிப்டை ஓட்டினால் அனுமதி இல்லை என்கிறது. அனுமதி கொடுத்தால் கோப்பே இல்லை என்கிறது!

அனுமதி இல்லை என்றால், கோப்புக்கு ஓடும் உரிமை தரப்படவில்லை. சிஹெச்மாட் கட்டளையில் கூட்டல் குறியோடு எக்ஸ் சேர்த்துக் கொடுங்கள்.

கண் முன்னே இருக்கும் கோப்பை இல்லை என்று சொன்னால், பெரும்பாலும் அந்தக் கோப்பு விண்டோஸ் நோட்பேடில் திருத்தப்பட்டது. விண்டோஸ் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை அதிகமாக வைக்கும். அது முதல் வரியில் உள்ள பேஷின் பெயரோடு ஒட்டிக்கொள்வதால், அந்தப் பெயரில் எந்த நிரலும் இல்லை என்கிறது லினக்ஸ். டாஸ்2யுனிக்ஸ் என்ற சிறு நிரலை அந்தக் கோப்பின் மேல் ஓட்டினால் சரியாகிவிடும். இனி நேனோ என்ற உரைத் திருத்தியில் திருத்துங்கள்.

மெனு வருகிறது, தேர்வும் செய்கிறேன். ஆனால் மாறி காலியாகவே இருக்கிறது.

டயலாக், விப்டெயில் இரண்டும் கட்டம் வரைவதற்கு வழக்கமான வெளியீட்டைப் பயன்படுத்திக்கொண்டு, நீங்கள் தேர்ந்தெடுத்த குறியைப் பிழை வெளியீட்டில் அனுப்புகின்றன. மாறியில் பிடிக்கும் அடைப்புக்குறி வழக்கமான வெளியீட்டை மட்டுமே பிடிக்கும். ஆகவே இரண்டையும் இடம் மாற்ற வேண்டும். வரியின் கடைசியில் இதைச் சேருங்கள்: 3>&1 1>&2 2>&3. முதல் துண்டு மூன்றாம் எண்ணில் ஒரு தற்காலிக வழியைத் திறக்கிறது. அடுத்த இரண்டும் ஒன்றையும் இரண்டையும் இடம் மாற்றுகின்றன. வரிசை முக்கியம், மாற்றி எழுதினால் வேலை செய்யாது.

டயலாக்கில் மட்டும் ஸ்டிடிஅவுட் என்ற தெரிவு இருக்கிறது. அதைக் கொடுத்தால் இந்த மாற்றம் தேவையில்லை. விப்டெயிலில் அது கிடையாது. நாளை எந்தக் கணினிக்கு ஸ்கிரிப்ட் போகும் என்று தெரியாததால், நான் மேலே சொன்ன மூன்று துண்டுகளையே எழுதுகிறேன்.

கட்டளை ஓடுகிறது, ஆனால் விடையைப் படிப்பதற்குள் மெனு வந்து மறைத்துவிடுகிறது.

சுழற்சி நிற்காமல் அடுத்த சுற்றுக்குப் போகிறது. மெனு திரையைத் துடைத்துவிட்டுத் தன்னை வரைகிறது. ஒவ்வொரு வேலையின் முடிவிலும் ரீட் கட்டளையை வைத்து “பார்த்துவிட்டு எண்டர் தட்டுங்கள்” என்று ஒரு வரி காட்டுங்கள். அதற்கு முன்னால் $? என்பதைப் பார்த்து, வேலை முடிந்ததா தவறியதா என்பதையும் தெளிவாக எழுதுங்கள். 0 என்றால் முடிந்தது. வேறு எந்த எண்ணானாலும் தவறு.

பென் டிரைவில் நகலெடுக்கும் வேலையில் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். நகல் கட்டளை முடிந்தாலும் தகவல் கணினியின் நினைவகத்திலேயே சிறிது நேரம் தங்கியிருக்கலாம். சிங்க் கட்டளை ஓடி, பென் டிரைவின் இணைப்பு முறையாக விடுவிக்கப்பட்ட பிறகுதான் “இப்போது எடுக்கலாம்” என்ற வரி வர வேண்டும். ஒரு பருவத்தின் எடைக் கணக்கு அந்தச் சிறு பென் டிரைவில் இருக்கிறது. மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊரில் இந்த வரியை விட்டுவிடாதீர்கள்.

கேன்சல் அழுத்தினாலும் மெனு போக மாட்டேன் என்கிறது. எஸ்கேப் அழுத்தினால் என்ன ஆகும்?

சரி என்றால் 0, கேன்சல் என்றால் 1, எஸ்கேப் என்றால் 255. இவை டயலாக் முடியும்போது தரும் நிலை எண்கள். ஸ்கிரிப்ட் இவற்றைப் பார்க்காவிட்டால் மாறி காலியாக இருக்க, சுழற்சி தன் போக்கில் சுற்றும். அதனால்தான் போக மாட்டேன் என்கிறது. மாறியில் பிடித்த வரிக்கு நேர் அடுத்த வரியிலேயே $? மதிப்பைச் சேமியுங்கள். நடுவில் வேறு எந்தக் கட்டளை வந்தாலும் அந்த மதிப்பு மாறிவிடும்.

டயலாக் பிழையால் நின்றாலும் 255 தான் வரும். ஆகவே 255 வந்தால் மறுபடி மெனுவைக் காட்டு என்று எழுதிவிட்டால், டெர்மினல் சிறிதாக இருக்கும் நாளில் ஸ்கிரிப்ட் முடிவில்லாமல் சுற்றும். 255 வந்தால் வெளியேறிவிடுவதுதான் நல்லது.

மெனுவைத் தமிழில் வைக்க முடியாதா? எங்கள் ஆட்களுக்கு ஆங்கிலம் தடுமாறும்.

நானும் ஆசைப்படுகிற விஷயம் இது. நேர்மையான பதில்: வரைகலைத் திரைக்குள் திறக்கும் டெர்மினலில் ஓரளவு முடியும், வரைகலை இல்லாத வெறும் கன்சோலில் முடியாது. கன்சோலின் எழுத்துருவில் 256 அல்லது 512 உருவங்களுக்குத்தான் இடம். அதோடு தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வரையும் திறனும் அதற்கு இல்லை. ‘கெ’ என்று எழுதும்போது நினைவகத்தில் ககரம் முதலில், கொம்பு பிறகு. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். ‘கொ’ என்றால் இரண்டு பக்கமும் வர வேண்டும். கன்சோல் இந்த வேலையைச் செய்வதில்லை.

வரைகலை டெர்மினலில் எழுத்து வரும், கட்டம்தான் கோணும். டெர்மினல் திரையைச் சம அகலமுள்ள சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு எழுத்துக்கும் இத்தனை கட்டம் என்று கணக்கு வைத்திருக்கிறது. ‘ணை’ போன்ற அகலமான எழுத்தை அந்தக் கணக்குக்குள் அடக்க முடியாது. புள்ளிக்கோ அகலமே கிடையாது. டயலாக் ஒரு கணக்கு போட, எழுத்துரு வேறு கணக்கு போட, வலப்பக்கக் கோடு வரிக்கு வரி உள்ளும் புறமும் நகரும். டெர்மினலுக்கு டெர்மினல் இது வேறுபடும். ஆகவே நிறுவும் முன் உங்கள் வரிகளையே எழுதிப் பாருங்கள். மொழி அமைப்பு, எல்லா மொழி எழுத்துகளையும் குறிக்கும் முறையான யுடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகளே வராது.

நடைமுறையில் நான் செய்வது: வரிகளை எண்ணோடு, தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் சுருக்கமாக எழுதுகிறேன். மானிட்டரின் ஓரத்தில் அதே எண்களும் முழுத் தமிழ் விளக்கமும் அச்சடித்த தாளை ஒட்டிவிடுகிறேன். செலக்ட் வகை மெனுவில் கட்டமே இல்லாததால் கோணுவதற்கும் ஒன்றுமில்லை. வரைகலை டெர்மினல் இருந்து, தமிழ் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு அதையே வைத்துத் தருகிறேன். எழுத்து மெனுக்களில் தமிழ் சரியாக வரும் காலம் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதுவரை, வரிகளில் எழுதும் சொற்களாவது அங்கே வேலை செய்பவர்கள் வாயில் வரும் சொற்களாக இருக்கட்டும். “டேட்டா பேக்கப்” என்று எழுதாதீர்கள். “கணக்கு நகல்” என்றால் எல்லோருக்கும் புரியும்.

எங்கள் ஸ்டோரில் மலையாளிகளும் இருக்கிறார்கள். இரண்டு மெனு வைக்க வேண்டுமா?

வேண்டாம். எண்களும் வேலைகளும் ஒன்றே. விளக்க வரிகளை மட்டும் தனிக் கோப்புகளில் வையுங்கள். ஆளுக்கொரு பயனர் கணக்கு கொடுத்து, யார் உள்நுழைகிறார்களோ அவர்கள் மொழிக் கோப்பை ஸ்கிரிப்ட் எடுத்துக்கொள்ளட்டும். மேலே தமிழுக்குச் சொன்ன சிக்கல் மலையாளத்துக்கும் அப்படியே பொருந்தும். எக்காரணம் கொண்டும் மொழிக்கு மொழி எண்ணை மாற்றாதீர்கள். “நான்கை அழுத்து” என்று ஒருவர் சொல்ல, மற்றவருக்கு நான்கு வேறு வேலையாக இருந்தால் தொல்லைதான்.

கோடு வர வேண்டிய இடத்தில் எழுத்துகள் வருகின்றன.

பெரும்பாலும் விண்டோஸ் கணினியிலிருந்து புட்டி என்ற தொலை இணைப்பு நிரல் வழியாக இணையும்போது வரும் சிக்கல். புட்டியின் மொழிபெயர்ப்பு அமைப்பில் எழுத்துத் தொகுதி யுடிஎஃப்-8 என்று இருக்கிறதா பாருங்கள். சரியாக இருந்தும் தீராவிட்டால், டயலாக்கில் ஆஸ்கி-லைன்ஸ் என்ற தெரிவைக் கொடுங்கள். கோடுகளுக்குப் பதில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் வரும். பார்க்கச் சுமார், படிக்கத் தடையில்லை.

உள்நுழைந்ததும் மெனு மட்டும் வர வேண்டும். டெர்மினல் அவர்கள் கைக்குப் போகக் கூடாது. முடியுமா?

அந்தப் பயனரின் தொடக்கக் கோப்பின் கடைசி வரியில், எக்ஸெக் என்ற சொல்லோடு மெனு ஸ்கிரிப்டை அழைத்தால், மெனு ஷெல்லின் இடத்தையே எடுத்துக்கொள்ளும். மெனுவிலிருந்து வெளியேறினால் உள்நுழைவும் முடிந்துவிடும். எக்ஸெக் இல்லாமல் அழைத்தால் வெளியேறியதும் ஷெல் தயாராகக் காத்திருக்கும்.

அடுத்து, ஓடும் நிரலை நிறுத்தச் சைகை அனுப்பும் கண்ட்ரோல்-சி. டிராப் கட்டளையால் அதைத் தடுக்கலாம், ஆனால் எப்படித் தடுப்பது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெற்று மேற்கோளைக் கொடுத்தால் அந்தச் சைகை முழுதாகப் புறக்கணிக்கப்படும். மெனு ஓட்டும் வேலைகளுக்கும் அதே நிலை தொற்றும், பிறகு சிக்கிக்கொண்ட அச்சு வேலையைக்கூட நிறுத்த முடியாது. மேற்கோளுக்குப் பதில் “:” குறியைக் கொடுங்கள். மெனு தப்பிக்கும், உள்ளே ஓடும் வேலை வழக்கம்போல கண்ட்ரோல்-சிக்கு நிற்கும்.

இதோடு கதவு பூட்டப்பட்டதாக நினைக்க வேண்டாம். கோப்பைப் படிக்க உதவும் லெஸ் நிரலில் “!” தட்டினால் ஷெல் கிடைக்கும், வை என்ற உரைத் திருத்தியிலும் அப்படியே, மிட்நைட் கமாண்டரில் ஷெல் எப்போதும் கீழேயே இருக்கிறது. லெஸ்ஸுக்கு லெஸ்செக்யூர் என்ற சூழல் மாறியை 1 ஆக்குங்கள், திருத்துவதற்கு நேனோவைக் கட்டுப்பாட்டு முறையில் கொடுங்கள். வெளியிலிருந்து, தொலைவில் உள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக ஒரு கட்டளையை நேரடியாக அனுப்பினால் தொடக்கக் கோப்பு படிக்கப்படாமலே போகலாம். அதற்கு எஸ்எஸ்எச் சேவையகத்தின் அமைப்பில் ஃபோர்ஸ்கமாண்ட் என்ற வரி வேண்டும். மெனு என்பது தெரியாமல் தவறு செய்பவரைக் காக்கும். தெரிந்தே உடைக்க வருபவரைத் தடுப்பது கோப்பு உரிமைகளும் பயனர் உரிமைகளும்தான்.

கணினியை அணைப்பது போன்ற வேலைகளுக்கு, முழு அதிகாரம் உள்ள ரூட் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கிறது. அதை ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடலாமா?

கூடாது. ஸ்கிரிப்டைப் படிக்க முடிந்த எல்லோரும் கடவுச்சொல்லையும் படிப்பார்கள். விசூடோ கட்டளையால், மற்ற பயனர்களுக்கு ரூட் உரிமை தரும் சூடோவின் அமைப்பைத் திறந்து, இந்தப் பயனர் இந்த ஒரு கட்டளையை மட்டும் கடவுச்சொல் இல்லாமல் ஓட்டலாம் என்று முழுப் பாதையோடு எழுதுங்கள். நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் திறந்துவிடாதீர்கள்.

அப்படி அனுமதிக்கும் கட்டளை நீங்கள் எழுதிய ஸ்கிரிப்டாக இருந்தால், அதன் உரிமையாளர் ரூட்டாக இருக்க வேண்டும், மற்றவர்கள் அதைத் திருத்த முடியாதபடி இருக்க வேண்டும். அது இருக்கும் அடைவுக்கும் (ஃபோல்டருக்கும்) இதே விதி. இல்லாவிட்டால் அந்த ஸ்கிரிப்டில் எதை எழுதினாலும் அது ரூட் உரிமையோடு ஓடும்.

கம்பத்தில் உட்கார்ந்துகொண்டு மேலே ஸ்டோரில் உள்ள மெனுவை இயக்க முடியுமா?

முடியும். எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைந்தால் அதே மெனு வரும். மெனு ஸ்கிரிப்டின் பெயரை எஸ்எஸ்எச் வரியிலேயே கொடுத்து ஓட்டுவதானால், கழித்தல் குறியோடு டி என்ற தெரிவும் வேண்டும். இல்லாவிட்டால் மறுமுனையில் டெர்மினல் ஒதுக்கப்படாமல் டயலாக் வரைய இடமின்றி நின்றுவிடும்.

தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மலையில் இணைப்பு அடிக்கடி அறுபடும். அறுந்தால் மெனுவும், அது ஓட்டிக்கொண்டிருந்த வேலையும் சேர்ந்தே நிற்கலாம். ஆகவே மெனுவை டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள். இணைப்பு போனாலும் வேலை அங்கே தொடரும். மறுபடி நுழைந்து அதே திரையோடு சேர்ந்துகொள்ளலாம். போடியிலோ புற்றடியிலோ ஸ்பைசஸ் போர்டின் மின்-ஏலம் நடக்கும் நாளில் லாட் பட்டியல் பாதியில் நிற்பதைவிட எரிச்சல் வேறில்லை. டிமக்ஸ் போடாமல் தொலைவிலிருந்து இணையும் மெனுவை நான் ஒப்படைப்பதில்லை.

மெனுவில் நன்றாக ஓடும் நகல் வேலையை இரவு பத்து மணிக்குத் தானாக ஓட வைத்தேன். ஓடவில்லை.

குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் கிரானில் மெனுவையே போட்டிருப்பீர்கள். கிரானுக்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை; டயலாக் டெர்மினலைத் திறக்க முடியவில்லை என்று சொல்லி நின்றுவிடும்.

இந்தத் தொகுப்பில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: வேலையை மெனுவுக்குள் எழுதாதீர்கள். ஒவ்வொரு வேலைக்கும் தனி ஸ்கிரிப்ட், தனிக் கோப்பு. மெனு வெறும் வாசல். வாசலில் யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. நகல் எடுக்கும் ஸ்கிரிப்ட் தனியே இருந்தால், பகலில் மெனு அதை அழைக்கும், இரவில் கிரான் அதையே அழைக்கும், ஏதாவது தவறினால் நான் அதை மட்டும் ஓட்டிப் பார்ப்பேன். நாளை டயலாக்கை விட்டு வேறு மெனுவுக்குப் போனாலும் வேலைகளில் ஒரு வரிகூட மாறாது. எண்டர் தட்டச் சொல்லும் ரீட் வரி மெனுவில் இருக்க வேண்டும், வேலைக் கோப்பில் அல்ல. இல்லாவிட்டால் கிரான் அழைக்கும்போது எண்டர் தட்ட யாரும் இருக்க மாட்டார்கள்.

விவசாயியின் பெயரைக் கேட்டு அவருடைய சீட்டைத் தேடும் வரி வைக்கலாமா?

வைக்கலாம். டயலாக்கில் இன்புட்பாக்ஸ் என்ற கட்டம் இதற்காகவே இருக்கிறது. ஆனால் தட்டிய பெயரை எங்கே பயன்படுத்தினாலும் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். முதலெழுத்து, இடைவெளி, பெயர் என்று எழுதுவது நம் வழக்கம். மேற்கோள் இல்லாவிட்டால் ஒரு பெயர் இரண்டு சொல்லாகப் பிரிந்து, இல்லாத கோப்பைத் தேடும்.

தட்டியதை இவால் கட்டளைக்கு மட்டும் அனுப்பாதீர்கள். பெயருக்கு நடுவில் ஓர் அரைப்புள்ளி வந்தால் அதற்குப் பிறகு உள்ளதெல்லாம் கட்டளையாக ஓடும். யாரும் வேண்டுமென்று செய்ய வேண்டியதில்லை, விரல் தவறினாலே போதும்.

எத்தனை வரி வரை வைக்கலாம்?

ஒன்பது. டயலாக்கில் குறியின் முதல் எழுத்தைத் தட்டினால் அந்த வரிக்குத் தாவும். 10, 11 என்று போனால் எல்லாம் ஒன்றில் தொடங்கும், தாவல் குழம்பும். அதற்கு மேல் தேவைப்பட்டால் உள் மெனு வையுங்கள்: கணக்கு, அச்சு, நகல் என்று மூன்று தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் உள்ளே சில வரிகள். இரண்டு அடுக்குக்கு மேல் போனால் ஆட்கள் வழி தவறுகிறார்கள். மாதம் ஒருமுறை மட்டும் செய்யும் வேலையை மெனுவிலிருந்து எடுத்துவிடுவதே நல்லது.

விண்டோஸில் இப்படிச் செய்ய முடியாதா?

முடியும். பேட்ச் கோப்பில் சாய்ஸ் என்ற கட்டளை இருக்கிறது. 1993இல் வந்த டாஸ் 6 காலத்திலிருந்தே உண்டு. அதன் விடையை எரர்லெவல் வைத்துச் சோதிக்கும்போது பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணுக்கு வாருங்கள். “எரர்லெவல் 1” என்றால் ஒன்று அல்லது அதற்கு மேல் என்று பொருள். சிறியதை முதலில் வைத்தால் எதை அழுத்தினாலும் முதல் வேலையே ஓடும். டயலாக்கே வேண்டுமென்றால் விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாகப் போகலாம்.

நீங்கள் வர முடியாத நாளில் மெனுவில் புது வரி சேர்க்க வேண்டுமானால்?

கிரான் பற்றிய பதிலில் சொன்னபடி வேலைகள் தனித்தனிக் கோப்புகளாக இருந்தால் இது எளிது. எல்லா வேலைக் கோப்புகளையும் ஒரே அடைவில் வையுங்கள். ஒவ்வொரு கோப்பின் இரண்டாவது வரியிலும் “#” குறியிட்டு அந்த வேலையின் பெயரை எழுதுங்கள். மெனு ஸ்கிரிப்ட் தொடங்கும்போது அந்த அடைவைப் படித்து, கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணும் அந்த இரண்டாவது வரியும் சேர்த்து ஓர் அணியை (பட்டியலாக மதிப்புகளை வைக்கும் மாறியை) நிரப்பி, அதை டயலாக்கிடம் கொடுக்கட்டும். புதுக் கோப்பை அடைவில் போட்டு ஓடும் உரிமை கொடுத்தால் வரி தானாக வரும். வரிசை கலையாமல் இருக்கக் கோப்புப் பெயர்களை 10, 20, 30 என்று தொடங்குங்கள். நடுவில் 25 சேர்க்கலாம். ஆனால் நடுவில் சேர்த்தால் கீழே உள்ள எண்கள் மாறும், மானிட்டரில் ஒட்டிய தாளையும் அன்றே மாற்ற வேண்டும். கடைசியில் சேர்ப்பதே பெரும்பாலும் நல்லது.

அந்த அடைவில் எழுதும் உரிமை முதலாளியிடமோ அவர் நம்பும் ஒருவரிடமோ மட்டும் இருக்கட்டும். அங்கே விழும் எந்தக் கோப்பும் மெனுவில் ஏறிவிடும். புதுக் கோப்பைப் போடும் முன் பேஷ் கட்டளையில் கழித்தல் குறியோடு என் சேர்த்து அந்தக் கோப்பைக் கொடுங்கள். ஓட்டாமலே இலக்கணப் பிழையைச் சொல்லும். ஒன்றும் சொல்லாவிட்டால் ஒருமுறை தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு அடைவில் வையுங்கள்.